தறிச் சுவருக்கு இந்தப் பக்கம்

"நான் சண்டைக்கு வரலை. முதல்ல அதை மனசுல வாங்கிக்கோ."

"தெரியும்க்கா."

"தெரிஞ்சா ஏன் மூஞ்சியை அப்படி வச்சிருக்க? ராத்திரி பூரா வார்டுல நின்னுட்டு வரேன். படுத்துக் கண்ணு சொருகற நேரம் பார்த்துக் கீழ இருந்து ஒரு கத்தல். ஆம்புலன்ஸ்காரன்கூட ஆளை எறக்கினதும் சைரனை அணைச்சிடறான். உன் பொண்ணுக்கு அணைக்கற பொத்தான் எங்க இருக்குன்னுதான் தெரியலை."

சொல்லிவிட்டுத் தன் பேச்சுக்குத் தானே சிரித்துவிட்டாள் மாடி அக்கா. வீட்டுக்காரி அவள்தான். ஆஸ்பத்திரியில் நர்ஸ். வேலை உடுப்பைக்கூட மாற்றாமல் கீழ் வீட்டு நிலையில் சாய்ந்து நின்றிருந்தாள். தூக்கம் கெட்டவர்களுக்கு வரும் சிரிப்பு அது, பாதியில் கொட்டாவியாக மாறியது.

அந்தச் சிரிப்புக்கே மேஜைக்கு அடியில் இருந்த சிட்டு இன்னும் உள்ளே நகர்ந்துகொண்டாள். இரண்டு உள்ளங்கைகளும் காதுகளின் மேல் இருந்தன. மூடிய வாய்க்குள்ளிருந்து ம்ம்ம் என்று ஒரு முனகல் இழை அறாமல் வந்துகொண்டிருந்தது. எழுந்ததிலிருந்து தூங்கும்வரை அந்த வீட்டில் அந்த முனகல் இருந்தது, அடுப்பும் பாயும் இருப்பதுபோல.

"மெதுவாத்தானே பேசறேன். எதுக்குக் காதைப் பொத்திக்கறா?"

"உங்க கையில சாவிக்கொத்து இருக்குல்லக்கா."

அக்கா சாவிக்கொத்தைப் பார்த்தாள். சட்டைப் பைக்குள் மெல்ல இறக்கினாள். "வச்சுட்டேன். இப்பவும் கையை எடுக்கலையே?"

"இப்ப ஃபிரிட்ஜு."

"உன் வீட்டுல ஏது ஃபிரிட்ஜு?"

"உங்க வீட்டுதுக்கா. இப்பத்தான் ஓட ஆரம்பிச்சுது."

மாடி அக்கா அண்ணாந்து கூரையைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். ஒன்றும் கேட்கவில்லை. "உனக்குக் கேக்குதா?"

"எனக்கும் கேக்காதுக்கா. அவ மூஞ்சியைப் பார்த்துத் தெரிஞ்சுக்குவேன்."

அக்காவின் கோபம் எங்கோ நழுவிவிட்டது. அதைத் தேடிப் பிடித்து எடுப்பதுபோல நெற்றியைத் தேய்த்தாள். "நானும் மனுஷிதான். தூக்கமில்லாமப் போய் ஊசியை மாத்திப் போட்டுட்டேன்னா? இந்த மாசம் முடியறதுக்குள்ள ஒரு வழி பண்ணு, சிட்டு அம்மா. இல்லைன்னா…"

அதோடு திரும்பினாள். படியேறும்போது சாவி குலுங்காமல் இருக்கப் பையை வெளியிலிருந்து கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

அந்த வீட்டுக்கு அவர்கள் வந்ததே சத்தம் இல்லாத இடம் என்றுதான். அதற்கு முன்னால் தறிக்கூடத்தை ஒட்டிய லைன் வீடுகளில் ஒன்றில் இருந்தார்கள். சிட்டுவின் அப்பாவுக்குத் தறி ஓட்டும் வேலை. கூடத்துக்கும் வீடுகளுக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தப் பக்கம் விசைத்தறிகள் இரவும் பகலும் அடித்துக்கொள்ள, இந்தப் பக்கம் ஆட்கள் சாப்பிட்டார்கள், தூங்கினார்கள், பிள்ளை பெற்றார்கள். சுவரில் கை வைத்தால் எறும்பு ஊர்வதுபோல இருக்கும். தட்டில் ஊற்றிவைத்த தண்ணீரின் மேல்கூட சின்னச் சின்ன வளையங்கள் நடுங்கிக்கொண்டே இருக்கும்.

கூடத்துக்குள் யாரும் குரலெடுத்துப் பேசுவதில்லை. பேசிப் பயனில்லை. உதடு அசையும், விரல் அசையும். தேநீர் வந்துவிட்டது என்பதற்கு ஒரு சைகை, மேஸ்திரி வருகிறார் என்பதற்கு ஒரு சைகை, மேஸ்திரி கோபமாக வருகிறார் என்பதற்கு இன்னொன்று. வெளியே வந்தால் எல்லோரும் கத்துவார்கள். தறிக்காரன் பக்கத்தில் உட்கார்ந்து இரகசியம் சொன்னால் தெருமுனைக் கடைக்காரன் பதில் சொல்வான் என்று ஒரு கேலி உண்டு.

சிட்டு பிறந்து வளர்ந்தது அந்தச் சுவரின் ஓரம். கூப்பிட்டால் திரும்பமாட்டாள். செவிடோ என்று பயந்தார்கள். தகர டப்பாவை முதுகுக்குப் பின்னால் தட்டிப் பார்த்தார்கள், திரும்பவில்லை. ஆனால் அடுத்த அறையில் ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்தால் வந்து நிற்பாள். "காது கேக்குது, கழுதைக்குக் கொழுப்பு" என்று அத்தை, அதாவது தறிக்காரனான அப்பாவின் அக்கா, தீர்ப்புச் சொன்னாள். பிறகுதான் காது பார்க்கும் இடத்துக்குக் கூட்டிப் போனார்கள்.

கண்ணாடிக் கூண்டுக்குள் சிட்டுவை உட்காரவைத்து நெடுநேரம் பார்த்தாள் அங்கிருந்த பெண். வெளியே வந்து, "காது நல்லா இருக்கு" என்றாள்.

"அப்போ செவிடு இல்லைங்கறீங்க!" என்றான் தறிக்காரன். தாழ்வாரத்தில் காத்திருந்தவர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"இல்லைங்க. நமக்கெல்லாம் காதுக்குப் பின்னால ஒரு சல்லடை இருக்குன்னு வச்சுக்கங்க. வேண்டிய சத்தத்தை வச்சுக்கிட்டு மத்ததைக் கீழ விட்டுடும். இந்த மாதிரிக் குழந்தைங்க சில பேருக்கு அது அப்படி வேலை செய்யாது. குழாய் சொட்டறது, நாற்காலி இழுக்கறது, நீங்க கூப்பிடறது, எல்லாம் ஒரே எடையில விழும். அதுல அம்மா குரல் எதுன்னு அவ பொறுக்கி எடுக்கறதுக்குள்ள நீங்க இன்னொரு தடவை கூப்பிட்டுடறீங்க. அவ மறுபடி முதல்ல இருந்து பொறுக்கணும்."

"நாங்க சத்தம் போட்டுத்தான் கூப்பிடுவோம். அப்பவும் கேக்காதா?"

"அதான் சொல்றேன். கேக்காம இல்லை, மிச்சமா கேக்குது. எது அவளுக்கு ஒத்துக்குது, எது ஒத்துக்கலைன்னு கொஞ்ச நாள் கவனிச்சுட்டு வந்து சொல்லுங்க." பிறகு சிரித்தபடி, "குழந்தை காதைவிட உங்க காதைத்தான் சீக்கிரம் காட்டணும் போல" என்றாள்.

கவனிக்க என்ன இருக்கிறது? ஊரிலேயே பெரிய சத்தம் அவர்கள் சுவருக்கு அந்தப் பக்கம்தானே இருக்கிறது. தறிக்காரர்களுக்குச் சத்தம் என்றால் தறிதான். வேறு சத்தங்கள் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. வீடு திரும்புவதற்குள் முடிவாகிவிட்டது. தூரத்தில், மரங்கள் இருக்கும் தெருவில், மாடி அக்காவின் கீழ்வீடு அமைந்தது.

குடிவந்த அன்று சிட்டுவின் அம்மா சோறு கொதிக்கும் சத்தத்தைக் கேட்டாள். கல்யாணமாகி வந்த பிறகு அன்றுதான் கேட்டாள். மூடியைத் தூக்கித் தூக்கி விழவைத்து அது முணுமுணுத்தது. யாரோ பக்கத்தில் உட்கார்ந்து நீண்ட கதை ஒன்றைச் சொல்ல ஆரம்பித்ததுபோல இருந்தது. மழை வந்தால் இலைகளில் முதலில் விழுந்து பிறகு தரையில் விழுவது தனித்தனியாகக் கேட்டது. கைக்கு வேலை இருக்கும்போது ஏதாவது பாட்டை மெல்ல முணுமுணுக்கலாம் என்று நினைத்தாள். தனக்கு இப்படி ஒரு குரல் இருந்தது என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது.

ஆனால் அந்த வீட்டில்தான் சிட்டு ஓயாமல் கத்த ஆரம்பித்தாள். தெருவில் சைக்கிள் மணி, பக்கத்து வீட்டில் யாரோ தும்மியது, தரையில் விழுந்த ஸ்பூன், எதற்கென்றே தெரியாத எத்தனையோ. தலையைச் சுவரில் மோதிக்கொண்டு கத்தினாள். அம்மா ஓடிப்போய்க் கட்டிக்கொள்வாள். தொட்டதும் கத்தல் கூடும். விட்டுவிட்டு எதிர்ச் சுவரோரம் உட்காருவாள். இரண்டு சுவர்களுக்கு நடுவில் பகல் முழுவதும் அப்படியே கிடக்கும். பாட்டு வாய்க்கு வரவே இல்லை.

மாடி அக்கா வந்துபோன அன்று சாயங்காலம் தறிக்காரன் வந்தபோது, அவள் சொன்ன கெடுவை அவனிடம் சொன்னாள்.

"ஆங்?"

மறுபடி சொன்னாள்.

"எதுக்கு வாய்க்குள்ளயே பேசற? செவிடன் காதுல சங்கு ஊதினா பத்தாது, தாரை தப்பட்டையே அடிக்கணும்!"

மேஜைக்கு அடியில் முனகல் உயர்ந்தது. அவள் அவன் அருகில் போய்த் தோளைத் தொட்டு, உதட்டில் விரல் வைத்துக் காட்டினாள். அவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். பழக்கப்பட்டவன் ஆயிற்றே, அவள் உதட்டைப் பார்த்தான். அவள் உதட்டாலேயே சொன்னாள். மாசம் முடியறதுக்குள்ள.

"வேற வீடு பார்க்கணுமா?" என்றான், தன்னால் முடிந்த அளவு மெதுவாக. மாடி வரைக்கும் கேட்டிருக்கும்.

இதைவிடச் சத்தமில்லாத வீட்டுக்கு எங்கே போவது? சுடுகாட்டில்தான் பார்க்க வேண்டும் என்று அவளுக்குச் சொல்லத் தோன்றியது. சொல்லவில்லை. அவனிடம் சொல்லாமல் விட்ட பேச்சுகள் நிறையச் சேர்ந்துவிட்டன. எல்லாவற்றையும் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்ததால், ஒரு தடவைக்கே தகுதியான சின்ன விஷயங்களை அவள் விட்டுவிடப் பழகியிருந்தாள். மூன்று பேர் இருந்த வீட்டில் ஒருத்திக்கு எல்லாம் கேட்டது, ஒருவனுக்கு எதுவும் சரியாகக் கேட்கவில்லை. நடுவில் அவள் மட்டும் ஊர் உலகத்தைப்போலக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பஞ்சு வைத்துப் பார்த்தார்கள். சிட்டு பிடுங்கி எறிந்தாள். ஜன்னலில் கம்பளியைத் தொங்கவிட்டார்கள். வேர்த்ததுதான் மிச்சம். மாடி அக்காவே ஒருநாள் தன் பழைய கைபேசியைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

"நான் பகல்ல தூங்கறதுக்குப் போட்டுக்கறது. மழைச் சத்தம். பாட்டெல்லாம் இல்லை, வெறும் மழை."

போட்டதும் சிட்டுவின் முனகல் தாழ்ந்தது. கைகள் காதைவிட்டு இறங்கின. அம்மாவும் அக்காவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், சிரிக்கப் பயந்துகொண்டு. அப்போது எதுவுமே நடக்காத ஒரு நொடியில் சிட்டு வீறிட்டாள். அடங்கினாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் வீறிட்டாள்.

அக்கா போன பிறகு அவள் கைபேசியைக் காதோடு ஒட்டிவைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்தாள். கடைசியில் அகப்பட்டது. ஓர் இடத்தில் மழை முடிந்து, முதலிலிருந்து தொடங்கியது. மயிரிழைதான். மழையை வெட்டி ஒட்டிய இடம்.

தறிக்காரனுக்கு அதைக் காட்டினாள். அவனுக்கு மழையே கேட்கவில்லை. ஆனால் விஷயம் புரிந்ததும் முகம் மலர்ந்துவிட்டது. "துணியில ஒரு இழை அறுந்தா நான் ஓடற தறியில கண்டுபிடிப்பேன். இவ மழையில கண்டுபிடிக்கறா. யார் பொண்ணு!"

"கத்தாதீங்க."

"கத்தலையே!"

மறுநாள் அவன் சாப்பாட்டை மறந்து வைத்துவிட்டுப் போனான். சோறும் முட்டையும் அடுப்பு மேடையிலேயே இருந்தன. கொடுத்தனுப்ப ஆள் இல்லை. மேலே அக்கா அப்போதுதான் படுத்திருந்தாள். சிட்டுவை வீட்டில் விட முடியாது. கூடத்துக்குக் கூட்டிப்போனால் என்ன ஆகுமோ? துண்டை மடித்துச் சிட்டுவின் தலையைச் சுற்றிக் கட்டியிருந்தாள். பஸ்ஸில் எல்லோரும் பார்த்தார்கள். சிட்டு முனகிக்கொண்டே வந்தாள்.

தெருத் திரும்பியதும் தறிகளின் சத்தம் வந்தது. முதலில் காலில் வந்தது, பிறகு காதில். சிட்டு நின்றாள். அம்மா கத்தலை எதிர்பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டாள். சிட்டு கையை உருவிக்கொண்டு நடந்தாள். லைன் வீடுகளுக்குள் நுழைந்து, நாத்தனார் வீட்டுக் கதவைத் தள்ளி, அங்கே நூல் சுற்றிக்கொண்டிருந்த அவளைத் தாண்டிப்போய், கூடத்துச் சுவரில் முதுகை ஒட்டி உட்கார்ந்தாள். துண்டை அவிழ்த்துப் போட்டாள். கண்களைப் பாதி மூடினாள்.

ஏதோ ஒன்று குறைவதுபோல அவளுக்கு இருந்தது. என்னவென்று புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. குனிந்து சிட்டுவின் வாயருகே காதைக் கொண்டுபோனாள். முனகல் இல்லை. நிமிர்ந்து சுவரில் காதை வைத்தாள். சுவருக்குள்ளிருந்து ம்ம்ம் என்று வந்தது. இழை அறாமல், அதே தாழ்ந்த சுருதியில்.

இத்தனை மாதமாக அந்தக் குழந்தை தன் வாயாலேயே ஒரு சுவர் கட்டிக்கொண்டு அதன் ஓரமாக உட்கார்ந்திருக்கிறது.

"எதுக்குடி அழற?" என்று நாத்தனார் உதட்டால் கேட்டாள். பிறகு அருகில் வந்து காதுக்குள் கத்தினாள். "என்னடி ஆச்சு?"

பதில் சொல்வதற்குள் மின்சாரம் போயிற்று. தறிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தடுமாறி நின்றன. அந்த அமைதிக்குள் எல்லாம் வந்து விழுந்தது. எங்கோ வாளி உருண்டது. கூடத்துக்குள் யாரோ கெட்ட வார்த்தையில் மின்சார ஆபீஸை வாழ்த்தினார்கள். ஒரு கைக்குழந்தை அழுதது. ஈ ஒன்று பறந்தது. சிட்டு காதைப் பொத்திக்கொண்டு வீறிட்டாள்.

"பாரு, ஆரம்பிச்சுட்டா" என்றாள் நாத்தனார். "இங்க இருக்கறப்பவும் கரண்ட் போனா இப்படித்தான். இருட்டுக்குப் பயப்படறான்னு மெழுகுவத்தி ஏத்துவோமே, நெனப்பிருக்கா?"

"பகல்லயும் கத்துவாளே அண்ணி."

"பகல்ல காத்தாடி நின்னு போச்சு, புழுங்குதுன்னு கத்தறான்னு நெனச்சோம். நான்தானே உக்காந்து அட்டையை வச்சு வீசுவேன். கை கழண்டு போகும்." சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். சுவரைப் பார்த்தாள். சிட்டுவைப் பார்த்தாள். "அடப்பாவமே" என்றாள், தன் வாழ்நாளில் முதல் முறையாக மெதுவாக.

மின்சாரம் திரும்பி வந்தது. தறிகள் பிடித்துக்கொண்டன. சிட்டுவின் வாய் மூடியது. மூச்சு இறங்கியது.

அவள் சிட்டுவின் எதிரில் முட்டிபோட்டு உட்கார்ந்தாள். பழக்கத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட வாயெடுத்தாள். பிறகு குரலை உள்ளேயே நிறுத்திக்கொண்டு உதட்டை மட்டும் அசைத்தாள். ஒரு தடவைதான். அடுத்த தடவை சொல்லாமல் காத்திருந்தாள். காத்திருப்பதுதான் கஷ்டமாக இருந்தது. மறுபடி சுற்ற உட்கார்ந்த நாத்தனாரின் கையில் கட்டை நிறைய நூல் சேர்ந்தது. அப்போது சிட்டுவின் கண்கள் சுவரிலிருந்து, கூரையிலிருந்து, எங்கெங்கோ சுற்றிவந்து, அவள் வாயில் நின்றன. ஒரு விரல் நீண்டது. அவள் கீழுதட்டைத் தொட்டது, அடுப்பு சுடுகிறதா என்று பார்ப்பதுபோல. பிறகு விரலை இழுத்துக்கொண்டு மறுபடி பாதிக் கண்ணை மூடிக்கொண்டாள்.

அவ்வளவுதான். அவள் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். சோறு ஆறிப்போயிற்று.

அவர்களுடைய பழைய அறைக்கு வேறு ஆள் வந்திருக்கவில்லை. நூல் மூட்டைகள் போட்டிருந்தார்கள். மேஸ்திரி, "மூட்டைக்கு வேற இடம் பார்த்துக்கலாம், பொண்ணுக்கு இடமில்லாமப் போகுமா" என்றார்.  வீட்டுக்கு வந்த பிறகு தறிக்காரன் கேட்டான்.

"அந்தச் சத்தத்துல பைத்தியம் பிடிக்குதுன்னு அழுதது நீதானே?"

"நான்தான்."

"இங்க வந்து ரெண்டு சுத்துப் பெருத்திருக்க. மூஞ்சியில களை வந்திருக்கு. எங்கக்காகூடச் சொன்னா."

"சொன்னாங்களா?"

"மறுபடி அங்க போனா நீ நெனச்சப்ப எங்கூடப் பேச முடியாது."

இப்போது மட்டும் என்ன பேசுகிறோம் என்று அவள் கேட்கவில்லை. "காது பார்க்கற அந்தப் பொண்ணுகிட்டப் போய்க் கேட்டுக்கலாம். கூடத்துக்குள்ள வேண்டாம். சுவருக்கு இந்தப் பக்கம் இருந்தாப் போதும் அவளுக்கு" என்றாள். "நீங்களும் மேஸ்திரி குடுத்த அந்தக் காதுமூடியைத் தறியில தொங்கவிடாம காதுல போடுங்க."

"ஆங்?"

அவள் இரண்டு கைகளாலும் அவன் காதுகளைப் பொத்திக் காட்டினாள். அவன் சிரித்தான்.

வீட்டைக் காலிசெய்த அன்று சிட்டுவைக் காலையிலேயே நாத்தனாரிடம் விட்டுவிட்டு வந்தார்கள். மாடி அக்கா தூங்காமல் இறங்கி வந்து பாத்திரங்களைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள்.

"இனிமே எனக்கு நல்லாத் தூக்கம் வரணும். பார்த்துக்கோ, வராது. பழகிப்போச்சு சனியன்." சுற்றியதையே மறுபடி சுற்றினாள். "ஏண்டி, உன் பேரு என்ன? இத்தனை மாசமா சிட்டு அம்மா, சிட்டு அம்மான்னே ஓட்டிட்டேன் பாரு."

அவள் சொன்னாள்.

"நல்ல பேராத்தான் இருக்கு. யாரு வச்சது?"

"அப்பா."

"வச்சுட்டுச் சும்மா விட்டுட்டாங்க எல்லாரும்" என்றாள் அக்கா. கண்ணைத் துடைத்துக்கொண்டு, தூக்கக் கலக்கம் என்று சொல்லி மேலே போனாள். சாவிக்கொத்து குலுங்கிற்று. பையை அழுத்திப் பிடிக்க இனி அவசியம் இல்லை.

வண்டிக்காரன் வெளியே பீடி பற்றவைத்துக்கொண்டு காத்திருந்தான். சாமான் போன பிறகு அறை பெரிதாகியிருந்தது. சுவரில் சிட்டுவின் தலை மோதிய இடத்தில் எண்ணெய்க் கறை. குழாய் சொட்டியது. மரத்தில் ஏதோ ஒரு பறவை பேசி நிறுத்தி, பதிலுக்குக் காத்திருந்து, மறுபடி பேசியது. கேட்டுவைத்துக்கொள்வதற்காக அவள் அறையின் நடுவில் நின்றாள். ஆனால் சத்தத்தை எதில் போட்டு எடுத்துப்போவது?

தறிக்காரன் கடைசி மூட்டையைக் காலால் அமுக்கிக் கயிறு போட்டுக்கொண்டிருந்தான். அவனுக்கு முதுகு இந்தப் பக்கம். வீட்டில் அவளைக் கூப்பிட வேண்டுமென்றால் அவன் கை தட்டுவான், அல்லது தரையை மிதிப்பான். கூடத்துப் பழக்கம். அவளும் திரும்பிவிடுவாள். தட்டினால் திரும்புவதற்கு அவளுக்குச் சல்லடை எதுவும் தேவைப்பட்டதில்லை.

"என்னங்க" என்றாள்.

கயிற்றை இழுத்தான். முடிச்சு சரியாக விழவில்லை. அவிழ்த்து மறுபடி போட்டான்.

அவனுக்காக எப்போதும் உயர்த்தும் குரலை அவள் உயர்த்தவில்லை. அருகில் போய்த் தோளைத் தொடவும் இல்லை. சோறு கொதிப்பது கேட்கும் அளவு அமைதியாக இருந்த அந்த அறையில், நின்ற இடத்தில் நின்று, ஒரே ஒரு தடவை கேட்டாள்.

"அங்க போறதுக்கு முன்னாடி, என் பேரைச் சொல்லி என்னைக் கூப்பிடுங்களேன். மெதுவா."